வியாழக்கிழமைக் குரல்

அன்புள்ள என் மகன் தம்பிக்கு,

நேற்றுக் காலை நீ முகம் வழித்துக்கொண்டே குளியலறைக்குள் பாடியதை நான் கேட்டுவிட்டேன். ஒளித்திருந்து கேட்கவில்லை. எங்கள் வீட்டில் சமையலறை மேசையில் இருந்து கையை நீட்டினால் குளியலறைக் கதவு தட்டுப்படும் என்பது உனக்குத் தெரியாததா. நீ பாடியது ஒரேயொரு வரி. முதலில் வாய்க்குள்ளே முணுமுணுத்தாய். பிறகு வீட்டில் ஒருவரும் இல்லை என்று நினைத்தாயோ என்னவோ, அதைத் தூக்கி உச்சியில் கொண்டுபோய் வைத்தாய். வைத்த இடத்தில் அது அசையாமல் நின்றது. நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி, குடிக்கவும் தோன்றாமல் வைக்கவும் தோன்றாமல் நின்றேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு உன் குரலை அந்த உயரத்தில் கேட்கிறேன். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. குதித்தால் கீழ் வீட்டுக்காரி விளக்குமாற்றுத் தடியால் தன் முகட்டில் இடிப்பாள் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

இன்று பின்னேரம் நீ நாப்போலிக்குக் கப்பல் ஏறி, அங்கேயிருந்து ரயிலில் பொலோஞ்ஞாவுக்குப் போகிறாய். அச்சகத்தில் வேலை, தனி அறை, தனிச் சமையல். நான் வேலை முடிந்து நேரே துறைமுகத்துக்குத்தான் வருவேன். அதனால் இதை இப்போதே எழுதி உன் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டுப் போகிறேன். உறையை ஒட்டவில்லை. அம்மா வாசிக்கலாம், உன்னை வழியனுப்ப வருகிற கோயில் சனமும் வாசிக்கலாம். நாலு பேருக்கு முன்னால் சொன்ன பொய்யை நாலு பேருக்கு முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும். என்னுடைய அந்தப் பொய்யால்தான் நீ பாட்டை விட்டாய். நீ கப்பல் ஏறுமுன் அந்தப் பாட்டை உனக்குத் திருப்பித் தந்துவிட வேண்டும். இப்போது எனக்கு இருக்கிற ஒரே அவசரம் அதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ நேற்றுப் பாடிய வரி, இங்கே நாங்கள் போகிற கடற்கரையின் பெயர் போட்ட ‘மொண்டெல்லோவில் அலை இல்லை’ என்ற கசெற்றின் கடைசிப் பாட்டில் வருகிறது. மற்ற எல்லாரும் பாடி நிறுத்திய பிறகு ஒரு குரல் மட்டும் தனியாக அந்த வரியைத் திரும்ப எடுத்து மேலே போகும். அந்தக் குரல் யாருடையது என்று நீ என்னை ஒருநாள் கேட்டாய். யாரோ ஒரு விசரன் என்று சொன்னேன். அந்த விசரன் நான்தான்.

எழுதிவிட்டேன். இருபத்தைந்து வயதுக்காரனைப் போல எனக்குள் ஏதோ ஓடுகிறது. முதலில் இருந்து சொல்கிறேன், பொறுமையாக வாசி.

பொலிதேயாமாப் பக்கம் நான் வேலை செய்கிற சிஞ்ஞோராவின் வீட்டுக்கு நீ வாசல்வரை வந்திருக்கிறாய். உள்ளே நீளமான நடை ஒன்று இருக்கிறது. அதன் ஒரு முனையில் நான் உடுப்பு மினுக்குகிற அறை, மற்ற முனையில் சிஞ்ஞோராவின் மகன் சால்வோவின் அறை. அவனுக்கு அப்போது, ஐந்தாறு வருடத்துக்கு முன், முப்பது வயது கிட்ட. தாயின் சமையல், தாயின் வீடு. ஆனால் சோம்பேறி என்று சொல்ல மனம் வராது, ஒரு விஷயத்தில் மட்டும் எறும்பு. அவன் பிறந்த காலத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் பெடியன்கள் பாடிய ஒருவகைப் பாட்டு இருக்கிறதாம். கடல் அலையில் பலகை போட்டு அதன்மேல் ஏறி நின்று போவது, வெயில், திறந்த கார், கரையில் ஒரு பெண்பிள்ளை. அவ்வளவுதான் பாட்டு. ஆனால் நாலு குரலை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பாடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஆண் குரல், நூல் போல மெல்லிசாக, ஒருபோதும் இறங்காமல் போய்க்கொண்டிருக்கும். சால்வோவுக்கு அதில் பைத்தியம். தன் ஆயுளில் முழங்காலுக்கு மேலே கடலில் இறங்காதவன், நீச்சலும் தெரியாது. அவனும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து, நேர்த்திக்கடன் வைத்தவர்கள் போல, அந்தப் பழைய பாட்டுக்காரர்களுக்குக் காணிக்கையாக ஒரு கசெற் செய்யப் புறப்பட்டார்கள். பாட்டுகள் தாங்களே கட்டியவை, ஆனால் கேட்கிறவன் முப்பது வருடத்துக்கு முந்தியது என்று சத்தியம் செய்ய வேண்டும். மூன்று குரல் அவர்களிடம் இருந்தது. மேலே போகிற நாலாவது குரல்தான் இல்லை.

ஒரு காலை நான் அவனுடைய சேட்டுக் கழுத்தை மினுக்கிக்கொண்டிருந்தேன். அவன் தன் அறையில் அந்த உயர்ந்த வரியைப் பிடிக்கப் பார்க்கிறான், உடைகிறது. திரும்பவும் பிடிக்கிறான், திரும்பவும் உடைகிறது. பத்தாம் தரமோ பதினோராம் தரமோ அவன் பாடி நிறுத்திய கையோடு என் வாய் தானாக அந்த வரியை எடுத்துப் பாடிவிட்டது. ஏன் என்று உனக்குப் புரிய வேண்டுமானால் நான் உனக்குச் சொல்லாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊரில், எங்கள் தீவில் இருந்தபோது கோயில் திருநாளில் போடுகிற கூத்தில் நான் ஆடினவன். எங்கள் கூத்தில் பெண் பாத்திரமும் ஆண்கள்தான் போடுவது. என் குரலுக்கு எனக்கு எப்போதும் ராணி வேடம். வேடமில்லாத நேரம் மேடை ஓரத்தில் நின்று பிற்பாட்டுப் பாடுவேன். நடிகன் ஒரு வரி பாடினால் பிற்பாட்டுக்காரர் அதை உடனே எடுத்துத் திரும்பப் பாட வேண்டும். பாடின வரியை நிலத்தில் விழவிடக் கூடாது என்பது எங்களுக்குப் பழக்கிய அண்ணாவியாரின் கட்டளை. சால்வோ பாடினான், வரி விழப்போனது, நான் ஏந்திவிட்டேன். நடந்தது அவ்வளவுதான்.

அறைக்கதவு திறந்தது. கிற்றார் தோளில் தொங்க, அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ‘ஸ்கூசி, ஸ்கூசி’ என்று மன்னிப்புக் கேட்டேன். அவன் மினுக்குப் பெட்டியை என் கையில் இருந்து வாங்கி அப்பால் வைத்துவிட்டு, இன்னொருமுறை பாடச் சொன்னான். பாடினேன். நடையின் அடுத்த முனையில் இருந்து சிஞ்ஞோரா, ரேடியோவைக் குறைக்கச் சொல்லிச் சத்தம் போட்டா.

வியாழக்கிழமை பின்னேரம் எங்களைப் போல வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு ஓய்வு என்பது உனக்குத் தெரியும். அந்தக் கோடை முழுவதும் வியாழன் பின்னேரங்களில் நான் கபோச் சந்தைக்குப் போனேன். சந்தைக்குப் பின்னால் சால்வோவின் மாமாவுக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற களஞ்சியம் ஒன்று இருந்தது. அங்கேதான் பதிவு. சந்தைக்காரர் கூவி ஓய்ந்த பிறகுதான் கருவியைப் போட முடியும். அப்படியும் ஒரு மீன்காரரின் கூவல் இரண்டாவது பாட்டுக்குள் புகுந்துவிட்டது. எடுத்துவிடுவோமா என்று ஒருவன் கேட்க, வேண்டாம், இந்தக் கசெற்றில் இருக்கிற ஒரே கடல் அதுதான் என்றான் சால்வோ. ஆங்கிலச் சொற்களை நான் மரக்கறிப் பையின் மண்ணிறக் கடதாசியில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். முதல்நாள் ஒலிவாங்கிக்கு முன்னால் போகச் சொன்னதும் பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றி, நிலத்தைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டேன். கூத்து மேடையில் செருப்போடு ஏறுகிறவன் ஏது. அவர்கள் மூன்று பேரும் என் காலைப் பார்த்தார்கள். தங்களுடையதையும் கழற்றினார்கள். அன்றிலிருந்து நாலு சோடிச் சப்பாத்தும் எலுமிச்சம் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும்.

ஒருநாள் சால்வோவிடம் கேட்டேன், இந்தப் பாட்டுகளில் இவர்கள் என்னதான் கேட்கிறார்கள் என்று. எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் எதையாவது கேட்கிற பாட்டு. ஆண்டவரிடம் இரக்கம், அரசனிடம் நீதி. ஊரில் அப்போது சண்டை, வீட்டுக்கு ஒரு தொலைபேசி எடுக்க ஞாயிறு முழுக்க வரிசையில் நிற்கிற காலம், எனக்கும் கேட்பதற்கு நிறைய இருந்தது. அவன் யோசித்துவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை, சந்தோசமாக இருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றான். அது போதுமா என்றேன். போதாதா என்றான். அந்தக் கேள்வியை நான் வீடுவரை நடந்து நடந்து யோசித்தேன். தம்பி, அந்தக் கோடையில் வாரத்துக்கு மூன்று மணித்தியாலம் நான் ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல் இருந்தேன். அது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்கும் ஒருநாள் தெரியவரும்.

கடைசிப் பாட்டு பதிவான நாள்தான் நாள். நாலு பேரும் சேர்ந்து பாடி, கடைசி வரியில் எல்லாரும் ஒன்றாக நிறுத்த வேண்டும். நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. கூத்தில் கடைசி வரியைப் பிற்பாட்டு இன்னொருமுறை தூக்கிப் பாடித்தான் முடிப்பது. அது எனக்கு மூச்சு விடுவது போல. கண்ணை மூடிக்கொண்டு தனியாக ஏறிப் போய், உச்சியில் நின்று, இறங்கி வந்து கண்ணைத் திறந்தால் களஞ்சியத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஐயோ, ஒரு பின்னேரத்து வேலையைக் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு வேர்த்துவிட்டது. சால்வோ மெதுவாக நடந்துபோய்ப் பதிவுக் கருவியை நிறுத்தினான். திரும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். மற்ற இரண்டு பேரும் எலுமிச்சம் பெட்டிகளில் தாளம் போட்டார்கள். அந்தப் பிழைதான் கசெற்றின் முடிவு. நீ குளியலறையில் பாடியதும் அந்தப் பிழையைத்தான்.

உறையில் பெயர் போடுவதற்கு என் பெயரைக் கேட்டான். வேண்டாம் என்றேன். இங்கே தங்குகிற அனுமதி, என் பெர்மெஸ்ஸோ, வீட்டுவேலைக்கு என்று தந்தது, பாட்டுக்காரன் என்று பெயர் வந்தால் பொலிஸ் கந்தோரில், குவெஸ்தூராவில் அதைப் புதுப்பிக்கும்போது கரைச்சல் வரும் என்று சொன்னேன். அவன் பாவம், நம்பினான். ‘வோச்சே தெல் ஜொவெதி’ என்று போட்டான், வியாழக்கிழமைக் குரல் என்று அர்த்தம். உண்மையான காரணம் பெர்மெஸ்ஸோ இல்லை. வெட்கம். அம்மாவைப் பெண் கேட்டுப் போனபோது அவவின் பெரிய தமையன் என்னைப் பார்த்து, ‘நாங்கள் மாப்பிள்ளை எண்டல்லோ நினைச்சம், ராணியம்மா எல்லோ வந்திருக்கிறா’ என்றார். சபை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்குக் கீழே வைத்த குரல்தான் அது.

இனிச் சொல்லப் போவதுதான் கஷ்டமான பகுதி. கசெற் வந்ததும் சால்வோ தந்த ஒன்றை என் குளிர்க்கோட்டுப் பைக்குள் ஒளித்து வைத்தேன். மாரியில் நீ அந்தக் கோட்டைப் போட்டுப் பார்க்கப் போய்க் கண்டுபிடித்தாய். நான் வேலையால் வரும்போது நீயும் கோயில் பாடகர் குழுவில் உன்னோடு பாடுகிற இரண்டு பெடியன்களும் அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். உனக்கு அப்போது பதினேழு வயது. குழுவில் மேல்வரிசை பாடுகிற ஒரே ஆண் பிள்ளை நீ.

“அப்பா, இதில கடைசியில பாடுறது ஆர்?” என்றாய்.

“எனக்கென்ன தெரியும். சிஞ்ஞோராவின்ர மகன் தந்தவன்.”

“அங்கிள், இது ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டு எங்களுக்குள்ள பந்தயம்” என்றான் ஒருவன்.

“ஆம்பிளைதான். ஆரோ ஒரு விசரன்.”

அவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. உன் முகம் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. “அப்பா, ஆம்பிளையளும் இப்பிடிப் பாடலாமோ?” என்று கேட்டாய். இதைவிட நல்ல கேள்வியை நீ என்னிடம் கேட்டதேயில்லை. நான் சொன்ன பதில்: “பாடலாம். பிறகு ஆர் அவனை ஆம்பிளையெண்டு மதிக்கிறது?” பெடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான். இராயப்பராவது ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த கையோடு வெளியே போய் அழுதார். நான் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு பூசையில் நீ பின்வரிசைக்குப் போய் நின்றாய். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. பிறகு குழுவுக்கே போவதை விட்டாய். ‘தொண்டை சரியில்லை’ என்று அம்மாவிடம் சொன்னாய். எனக்குக் காரணம் தெரியும், தெரிந்துகொண்டே ஐந்து வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஒருவனைப் பார்த்துச் சபை சிரித்தால், நீயும் சேர்ந்து சிரிக்குமுன் அந்த ஒருவன் யார் என்று பார்த்துக்கொள். எனக்குத் தெரிந்த புத்திமதி இது ஒன்றுதான். அதையும் இரண்டுமுறை தவறிய பிறகுதான் படித்தேன்.

கசெற் அதிகம் பேரிடம் போகவில்லை. மிச்சம் எலுமிச்சங் களஞ்சியத்தில் பெட்டியோடு இருக்கிறது. சால்வோ இப்போது கண்ணாடிக் கடையில் வேலை. ஆனால் போன வருடம் இங்கே போர்கோ வெக்கியோச் சந்தையில் ஒரு நாள், கூனைப்பூக் குவியலுக்குப் பின்னால் இருந்து என் குரல் வந்தது. பழக்காரர் போட்டு விட்டிருக்கிறார். யார் பாடுவது என்று கேட்டேன். விரல் நுனியை முத்தமிட்டு, ‘அமெரிக்கானி’ என்றார். பழைய பாட்டு, இப்போது இப்படி யாருக்குப் பாட வரும் என்றும் சொன்னார். நான் கையில் ஒரு தோடம்பழத்தோடு பாட்டு முடியும்வரை நின்றேன். ‘நான்தான்’ என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

நேற்று விழுங்க முடியவில்லை. நீ பாடி முடிய அம்மா அடுப்படியில் இருந்து திரும்பி, “என்னப்பா, கோப்பையோட சிலை மாதிரி நிக்கிறியள்?” என்றா.

“தம்பி பாடுறான்.”

“கேக்குது. உங்கட வரியைத்தானே பாடுறான்.”

எனக்குக் கோப்பையில் இருந்த தேத்தண்ணி கையில் ஊற்றுப்பட்டுவிட்டது. அந்தக் கோடையில் நான் அவவிடம் வியாழனுக்கு வியாழன் குவெஸ்தூராவுக்குப் போகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“வியாழன் பின்னேரம் குவெஸ்தூரா பூட்டு” என்றா அம்மா, கறியைக் கிண்டிக்கொண்டே. “அது தெரியாமலோ நான் இஞ்சை பன்னிரண்டு வருசமா இருக்கிறன்? மனுசன் எங்கை போறார் எண்டு ஒருநாள் கபோ வரைக்கும் பின்னால வந்தனான். அங்கை வெறுங்காலோட நிண்டு பாடிக்கொண்டிருந்தியள்.”

“ஏனப்பா ஒண்டும் சொல்லேல்லை?”

“நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அண்ணையின்ர ஒரு சொல்லுக்காக இவ்வளவு காலமும் அதைப் பூட்டி வைச்சிருந்தனீங்கள். கூத்தில அந்த ராணியைப் பாத்துத்தானே நான் ஓம் எண்டனான்.”

அவ அடுப்பைக் குறைத்துவிட்டு உப்புப் பார்த்தா. நான் கதிரையில் இருந்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பெண் கேட்டுப் போன அந்த நாளில் இருந்து இருபத்துநாலு வருடம், தம்பி. மூன்று பேர் ஒரு சின்ன வீட்டுக்குள் இருந்துகொண்டு, மூன்று பேரும் ஒரே வரியை ஒளித்து வைத்திருக்கிறோம்.

நேரமாகிறது, சிஞ்ஞோராவின் வீட்டில் இன்று திரைச்சீலை கழுவுகிற நாள். பொலோஞ்ஞாவில் குளிர் எலும்பைத் தொடும், உள்பெனியனை வெட்கப்படாமல் போடு. மிளகாய்த்தூள் சேட்டுகளுக்கு நடுவில் இருக்கிறது, நீல மூடிப் போத்தல். இந்த உறைக்குள் கசெற்றும் இருக்கிறது. வியாழக்கிழமைக் குரல் என்று அச்சடித்ததற்குக் கீழே இன்று காலை உன் பேனாவால் என் முழுப் பெயரையும் எழுதியிருக்கிறேன். நீ அன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் புதுப் பதில் இது: ஓம், பாடலாம். உன் அப்பா பாடினவன்.

இனி ஒரு வேண்டுகோள். கப்பல் கயிறு அவிழ்க்கிற நேரம் மேல்தட்டுக்கு வா. மனம் வந்தால் அந்த வரியை எடு. வராவிட்டால் கையைக் காட்டிவிட்டுப் போ, எனக்குக் கோபமில்லை, குரலை அமத்தினவன் நான்தானே. ஆனால் நீ எடுத்தாயானால் அதை நான் தண்ணீரில் விழவிட மாட்டேன். கோயில் சனம் நிற்கட்டும், உன்னோடு படித்த பெடியன்கள் நிற்கட்டும், துறைமுகத்துக் காவல்காரனும் நிற்கட்டும், எல்லாருக்கும் முன்னால் என் முழுக் குரலில் திருப்பிப் பாடுவேன். கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கஷ்டப்படாதே. கரையில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ஆள்தான் அப்பா.